பூசைக்கு வைத்த வில்லை

திருவனந்தபுரத்தில் இறங்கிய கையோடு நான் செய்த முதல் காரியம் சண்டை பிடித்ததுதான்.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, சேலைக்குள் சுற்றி வைத்திருந்த பொருளை எடுத்து இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தேநீர்த் தட்டு அளவு அகலம், செங்கல் அளவு தடிப்பு. பச்சைப் பலகைகளை மெல்லிய சுவர்களாகக் குறுக்கும் நெடுக்கும் நிறுத்திக் கட்டியது. ஒவ்வொரு சுவரிலும் வாய் திறந்த சின்னச் சின்னச் செப்பு வளையங்கள்.

"இது என்ன?"

"வில்லை. லென்ஸ்."

அவர் அதை முகத்துக்கு நேரே பிடித்து அதற்குள்ளால் என்னைப் பார்த்தார். "வெறும் ஓட்டைதானே இருக்கிறது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"உங்கட கண்ணுக்கு அப்பிடித்தான். நுண்ணலைக்குத்தான் இது கண்ணாடி" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். வில்லையை உள்ளே கொண்டுபோனார்கள். விசாரித்துவிட்டுத் தருவார்களாம். சேலையை மட்டும் மடித்துக் கையில் தந்தார்கள்.

அந்த வில்லைக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்ததே. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பிக்கிறேன். தண்ணீருக்குள் விட்ட தடி மடிந்து தெரியும் அல்லவா? அந்த மடிப்புக்கு ஒரு பக்கம் உண்டு. கண்ணாடி, தண்ணீர், எண்ணெய் எல்லாம் ஒளியை அந்தப் பக்கம்தான் மடிக்கும். செப்பு வளையங்களை அலையின் நீளத்தைவிட மிகச் சிறியதாக அச்சடித்து அடுக்கினால் நுண்ணலையை மறுபக்கமாக மடிக்கலாம். அப்படி மடிந்தால், விரிந்து சிதறிப் போகிற அலை அந்தத் தட்டைப் பலகையைத் தாண்டியதும் மறுபடி ஒரு புள்ளியில் வந்து கூடும். புள்ளியை மண்ணுக்குள்ளும் இறக்கலாம். அங்கே பிளாஸ்டிக் மிதிவெடி ஒன்று கிடந்தால், அலை அதில் பட்டுத் திரும்பும்.

என் தங்கை சுதா மிதிவெடி அகற்றுகிறவள். முகத்துக்குக் கவசம் போட்டு, முழங்காலில் இருந்து, நிலத்தைக் கையளவு கையளவாகச் சுரண்டிக்கொண்டு போவது அவள் வேலை. அவளிடம் இருக்கிற கருவி உலோகத்துக்குக் கத்தும். துருப்பிடித்த ஆணிக்கும் கத்தும், சோடா மூடிக்கும் கத்தும். பிளாஸ்டிக் வெடி என்றால் முணுமுணுக்கும், சிலவேளை அதுகூட இல்லை. விஞ்ஞானம் எல்லாம் பிறகு. அவளுடைய இரண்டு கைகளுக்காகத்தான் நான் இந்த வில்லையைச் செய்யத் தொடங்கினேன்.

அது உண்மையாகவே குவிக்கிறதா என்று பார்க்க, அலை எதிலும் பட்டுத் திரும்பாத அறை ஒன்று வேண்டும். எங்களிடம் இல்லை. இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் இருக்கிறது. அதற்குப் பொறுப்பான வனஜாவை இணையக் கூட்டம் ஒன்றில் பழக்கம். "கொண்டு வாங்கோ, பார்த்துடலாம்" என்று அவள் கூப்பிட்டாள். இந்த முறையும் குவியவில்லை என்றால் வேலையை அத்தோடு விடுவது என்று எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தில் முடிவாகியிருந்தது.

ஆட்டோக்காரரிடம் ஸ்ரீவராகம் என்றேன். அவர் பழவங்காடி வரை கொண்டுவந்து, ஏதோ ஊர்வலம் போகிறது, இனி வண்டி போகாது என்று மழைக்குள் இறக்கிவிட்டார். ஊர்வலம் ஒன்றையும் நான் காணவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். கேட்ட ஒவ்வொருவரும் கொஞ்ச தூரம் கூட வந்து காட்டினார்கள். கோபப்படவும் விடமாட்டார்கள் போல இருந்தது.

வனஜாவின் வீடு சுவரோடு சுவர் ஒட்டிய பழைய அக்ரகாரத் தெருவில். நனைந்த கோழி மாதிரி நின்ற என்னைப் பார்த்து, "வாங்கோ வாங்கோ அக்கா! யாத்ரை சுகமா இருந்துதா? லென்ஸ் கிட்டலையா? சாரமில்லை, நாளைக்குக் கிட்டும்" என்றாள். சாரமில்லை என்றால் பரவாயில்லை. அந்த ஊரில் அதிகம் கேட்ட சொல் அதுதான். அவள் கணவர் ராமமூர்த்தி கணக்குத் தணிக்கை செய்கிறவர், மெலிந்த மனிதர், எதையும் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் தருவார். துடைத்த தம்ளரில் காப்பி வந்தது. நான் தேத்தண்ணிக்காரி, இருந்தும் குடித்தேன்.

மறுநாள் காலை புட்டு. புட்டைக் கண்டதும் ஊரில் இருக்கிறேனோ என்று ஒரு கணம் மயங்கிப்போனேன். அதே வாசம், அதே தேங்காய்ப்பூ. சொதி வரும், கத்தரிக்காய்ப் பொரியல் வரும் என்று இருந்தால், ராமமூர்த்தி வாழைப்பழத்தை உரித்து அதன் தலையில் வைத்தார். கூடவே ஒரு அப்பளம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையச் சொன்னார். கடவுளே, புட்டுக்கு இப்படி ஒரு கதியா என்று நினைத்தேன். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வில்லை வரவில்லை. "அறையையாவது பார்த்துட்டு வரலாம்" என்று வனஜா கூட்டிப்போனாள். கனத்த கதவைத் திறந்தாள். பலாப்பழத்தின் தோலை உள்பக்கமாகத் திருப்பி, அதற்குள் ஆளை விட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சுவர், கூரை எல்லாம் கருநீலக் கூம்பு முட்கள். தொட்டால் பஞ்சு. கதவை மூடியதும் ஊரே அணைந்துபோனது. என் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் காணாமல் போயிற்று. என் மூச்சும், காதுக்குள் ஓடுகிற இரத்தமும்தான் கேட்டன. சுதாவும் கவசத்துக்குள் இருக்கும்போது இதைத்தான் கேட்பாள் என்று தோன்றியது. வெளியே வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

நடுவில் மரத்தொட்டி, அது நிறைய மணல். நான் கேட்டதற்காக வனஜா அந்த மணலை மொட்டை மாடியில் பல நாள் காயவைத்திருக்கிறாள். மழை தூறினால் பக்கத்து வீட்டு மாமிகள் வடகத்தை விட்டுவிட்டு மணலை அள்ள ஓடிவருவார்களாம். "இந்தத் தெருவுல மணலுக்குக் காவல் இருந்தது நாங்க மட்டுமாக்கும்" என்று சிரித்தாள்.

அடுத்த நாள் துர்க்காஷ்டமி. விடியவே வனஜா யாரையோ தொலைபேசியில் பிடித்து, எதையோ அனுப்பி, ஒருவழியாக மத்தியானத்துக்கு முன் வில்லை கையில் வந்தது. நேரே கல்லூரிக்குப் போகலாம் என்றேன். வனஜா கேட்கவில்லை.

"கணபதிக்கு ஒரு தேங்காய் உடைக்காம எங்க அக்கா போறது? பழவங்காடி வழிதானே. அஞ்சு நிமிஷம்."

சனம் நெருக்கியடித்த அந்தச் சந்தியில் வில்லையைத் தூக்கிக்கொண்டு போக எனக்குப் பயம். ராமமூர்த்தி ஸ்கூட்டரில் வந்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தோம். கோயிலில் தேங்காய்கள் ஓயாமல் உடைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் துள்ளினேன். அது யுத்த காலத்தில் தொற்றி இன்னும் நிற்காத பழக்கம். வனஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் சாம்பிராணி வாசம். சாமி அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பலகை போட்டு, புத்தகங்கள், வீணை, ராமமூர்த்தியின் பேனாக்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் பட்டுத்துணி போர்த்து, மேலே செம்பருத்தி வைத்து, என் வில்லை.

"நடுவுலயே வெச்சிருக்கேன், பார்த்தேளா அக்கா?" ராமமூர்த்தியின் முகம் பூரித்திருந்தது. "வேற யாரோட புஸ்தகத்துக்கும் அந்த இடம் கிட்டலை."

"நல்லது. எடுங்கோ, போகவேணும்."

"ஐயோ, பூஜை வெச்சாச்சே! இனி விஜயதசமி கார்த்தாலதான் எடுக்கலாம்."

எங்களிடமும் சரஸ்வதி பூசை உண்டு, அவலும் கடலையும் உண்டு. ஆனால் வைத்த பொருளைத் தொடவே கூடாது என்று ஆயுதத்தையும் புத்தகத்தையும் முழுதாக ஓய்வுக்கு அனுப்புகிற இந்தக் கண்டிப்பு எனக்குப் புதிது. விஜயதசமி அன்று இரவே எனக்குத் திரும்பும் விமானம். "நீங்கள் ஆரைக் கேட்டு இதை இஞ்ச வைச்சனீங்கள்? பத்திரமா வையுங்கோ எண்டு சொன்னது சாமிக்கு முன்னால வைக்கவோ?" என்று கத்திவிட்டேன். மனிதர் கையில் இருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த விளக்கை மறுபடி துடைத்தார்.

வனஜா என்னை வெளியே கூட்டிப்போனாள். "அவரை ஒண்ணும் சொல்லாதேங்கோ அக்கா. இப்போத்தான் ஃபோன்ல விளிச்சுக் கேட்டேன். காலேஜ் லாப்லயும் உச்சி வேளைக்கே பூஜை வெச்சுட்டா. அளக்கற மெஷின்லேர்ந்து ஸ்க்ரூ டிரைவர் வரை எல்லாம் பட்டுக்குள்ள. ராத்திரியாகும்னு நான் நெனச்சிண்டிருந்தேன். தப்பு என்னோடது. தசமி கார்த்தால நானே கதவு தொறக்கறேன். ஒரு காலம்பற போறும் நமக்கு."

போதுமா? ஸ்ரீவராகத்துக் குளப்படியில் போய் இருந்தேன். தண்ணீருக்குள் கோயில் தலைகீழாக நின்றது. மீன் ஒன்று வாலடித்ததும் கோபுரம் மடிந்து, நெளிந்து, திரும்பவும் ஒன்றுசேர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சுதா தொலைபேசியில் வந்தாள். "என்ன மாதிரி அக்கா, உன்ர சல்லடை வேலை செய்யுதோ?"

"சாமி அறையில இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்கள் சாமிக்கு வைச்ச நேர்த்தியெல்லாம் அதுக்குத் தெரிஞ்சிட்டுது போல. அதுதான் போய் இருந்திட்டுது" என்றாள்.

நவமி அன்று ஊரில் யாரும் படிக்கவில்லை, எழுதவில்லை. வனஜா பத்திரிகையைக்கூடத் தொடவில்லை. வீட்டில் நான்கு நாளாக மரக்கறி. என் நாக்கு செத்துப்போயிருந்தது. உலாவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, விழிஞ்ஞத்துக்குப் பஸ் ஏறினேன். எதற்கு என்று வனஜாவுக்கு விளங்கியிருக்கும். "நன்னாச் சாப்பிட்டுட்டு வாங்கோ" என்றாள்.

பஸ் பாதி வழியில் புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி எஞ்சினைப் பார்த்துவிட்டு, மரத்தடியில் போய் நின்றார். "இவனுக்கும் இன்றைக்குப் பூஜையாக இருக்கும்" என்று மலையாளத்தில் யாரோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. மிச்சத் தூரத்தை அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

துறைமுகத்தில் ஒருபக்கம் நீலம், மஞ்சள், சிவப்பென்று மீன்பிடி வள்ளங்கள். தூரத்தில் கப்பல் பாரந்தூக்கிகள், கடல் மூட்டத்துக்குள் பாதி கரைந்து, தண்ணீர் குடிக்க வந்த ஏதோ பெரிய மிருகங்களாய் நின்றன. மத்திமீன் கூடையோடு இருந்த பெண் "சாள, சாள" என்று கூவினாள். எங்கள் ஊரிலும் அதற்குச் சாளை என்றுதான் பெயர். அந்த ஒரு சொல்லுக்காக அங்கேயே நின்றேன், வெட்கம்தான். சிறிய கடை ஒன்றில் மரவள்ளிக்கிழங்கு மசியலும் சிவக்கச் சிவக்க மீன்குழம்பும் தந்தார்கள். கண்ணாலும் மூக்காலும் நீர் வடிய வழித்துச் சாப்பிட்டேன்.

பிறகு கல்லணையில் இருந்தேன். அலைகள் அணையின் வாய்க்குள் நுழைந்ததும் விரிந்து அரைவட்டமாய்ப் போயின. விரிந்த அலை எப்படித் திரும்பிக் கூடும்? எந்த ஊரில், எந்தக் கடலில் அப்படி நடக்கிறது? இத்தனை காலமாக நடக்காத ஒன்றை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறேனோ என்று பயம் வந்தது. உப்புக் காற்றில் கண் செருகியது. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது, பக்கத்தில் வலை திருத்திக்கொண்டிருந்த கிழவர் தன் துண்டை என் தலைக்கு மேல் கட்டி நிழல் பண்ணியிருந்தார்.

விஜயதசமி காலையில் பூசை எடுத்தார்கள். எடுத்ததும் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் தாம்பாளத்து அரிசியில் விரலால் எழுதவேண்டும். எழுதிய பிறகுதான் ராமமூர்த்தி வில்லையைப் பட்டுத்துணியோடு என் மடியில் வைத்தார். தானும் கல்லூரிக்கு வரலாமா என்று மெல்லக் கேட்டார். கத்திய குற்றவுணர்ச்சியில் நான் உடனே தலையாட்டினேன்.

மிதிவெடிக்குப் பதிலாக மெழுகு நிரப்பிய பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி ஒன்றை மணலுக்குள் புதைக்கிற வேலையை அவருக்கே கொடுத்தோம். நானும் வனஜாவும் வெளியே நின்றோம். எங்கே புதைத்தார் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. அவர் மணலை மட்டப்படுத்திவிட்டு வந்தார், எவ்வளவு துடைத்திருப்பார் என்று கேட்கவே வேண்டாம். தொட்டிக்கு மேலே வில்லையைப் பொருத்தி அளக்கத் தொடங்கினோம். வில்லை அங்குலம் அங்குலமாக நகர, திரையில் வரி வரியாகப் படம் வந்தது.

ஒன்றும் இல்லை. கலங்கிய குளம் மாதிரி நிறங்கள் அப்பிக் கிடந்தன. இன்னொரு தரம். அதே குளம்.

"விடு வனஜா. இது குவியாது. எனக்குத் தெரியும், முதலிலயே தெரியும்" என்றேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. வில்லையைக் கழற்றப் போனேன். அந்தப் பஞ்சு முட்களுக்கு நடுவே கையில் தூக்கியபோதுதான் மூக்கில் பட்டது. சந்தன வாசம்.

திருப்பினேன். அடிப்பக்கத்து ஓட்டைகளுக்குள் மஞ்சளாய், ஈரம் முழுதும் காயாமல், கல்லில் அரைத்த சந்தனம். வரிசை பிசகாமல், பொட்டுப் பொட்டாக, ஒவ்வொன்றும் நல்ல தாராளம்.

"நானாக்கும் இட்டேன்" என்றார் ராமமூர்த்தி. "கருவிக்குச் சந்தனம் இடாம எப்படி பூஜை வைக்கறது?"

வனஜா தலையில் கை வைத்தாள். பிறகு கணவரிடம் திரும்பி, பொறுமையாகச் சொன்னாள். "மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் ரவை அப்பினா சுருதி இறங்கறதோல்லியோ? இந்த வளையம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுருதி. ஈரச் சந்தனத்தை வெச்சு பாதியோட சுருதியை நீங்க இறக்கிட்டேள். மனசிலாச்சா?"

அவருக்கு நன்றாக மனசிலாயிற்று. பல் துலக்கும் தூரிகை ஒன்றும் ஸ்பிரிட் போத்தலும் வாங்கிக்கொண்டு நிலத்தில் சப்பணம் கட்டி இருந்தார். அப்படி ஒரு துப்புரவை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஓட்டையாக, பச்சைப் பிள்ளையின் காதைத் துடைப்பதுபோல் துடைத்தார். வனஜா தலைமுடி காயவைக்கிற கருவியால் காற்றடித்தாள். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுபடி பொருத்தினோம். வரி வரியாகப் படம் வந்தது. வெறும் நீலம். பிறகும் நீலம். ஒரு ஓரத்தில் சின்னதாக வெளிறியது. அடுத்த வரியில் மஞ்சள், அதற்கடுத்ததில் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு நீலம். சிதறிப் போன அலை மணலுக்குள் ஒரு இடத்தில் வந்து கூடியிருந்தது. சோப்புப் பெட்டி அளவு, சற்றே சரிந்து.

"அங்கதான்! அங்கயேதான் வெச்சேன்!" என்று ராமமூர்த்தி கத்தினார். முட்கள் அந்தச் சத்தத்தை அப்படியே குடித்துவிட்டன.

"தோண்டிப் பாருங்கோ அக்கா" என்றாள் வனஜா.

தொட்டி முன்னால் முழங்காலில் இருந்தேன். கை நீட்டினேன். சிவப்புப் புள்ளி காட்டிய இடத்துக்கு நேர் மேலே கொண்டுபோன கை, கீழே இறங்க மாட்டேன் என்றது. எனக்குத் தெரியும், உள்ளே இருப்பது மெழுகு. ஆனாலும் பக்கவாட்டில், ஒரு கை தள்ளி, மணலைச் சுரண்டத் தொடங்கினேன்.

"எதுக்கு அங்கேர்ந்து? அது சோப்பு டப்பாவாக்கும் அக்கா!"

"தெரியும் வனஜா" என்றேன். "எங்கட ஊரில மேலால கை வைக்க மாட்டம்."

மெல்ல மெல்லச் சுரண்டிப்போய், பெட்டியின் விளிம்பு விரலில் பட்டபோது அந்த அறைக்குள் எனக்கு என் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

வெளியே வந்து சுதாவுக்குப் போன் அடித்தேன். அவளுக்கு ஓய்வு நேரம், எடுத்தாள். "கண்டுபிடிச்சிட்டுதடி! பிளாஸ்டிக். ஒரு துண்டு இரும்பு இல்லை. கண்டுபிடிச்சிட்டுது!"

"உண்மையாவோ?" அவள் குரல் உடைந்தது. கொஞ்ச நேரம் அழுதாளோ சிரித்தாளோ தெரியவில்லை. பிறகு வெடி அகற்றுகிறவளின் குரல் வந்தது. "எவ்வளவு ஆழம்?"

"அரைச் சாண்."

"என்ன மண்?"

"மணல். வெயிலில காயவைச்ச மணல்."

காய்ந்த மணல் என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. நுண்ணலையைத் தண்ணீர் குடித்துவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"இஞ்ச மழை துவங்கிட்டுது அக்கா" என்றாள். "மண் முழுக்கச் சேறாக் கிடக்கு."

"ஈரத்துக்கும் செய்வன். வளையத்தின்ர அளவை மாத்தவேணும். கொஞ்சம் காலம் எடுக்கும் சுதா, ஆனாச் செய்வன்."

"செய். அவசரப்படாம ஆறுதலாச் செய்" என்றாள். "அதுவரைக்கும் நான் மெதுவாச் சுரண்டுறன். விசில் ஊதுறாங்கள், கவசம் போடவேணும். வைக்கிறன்."